சந்தபுரி மண்ணும் அம்மாவின் இருபத்திரண்டு பாட்டில்களும்

நம் வயதுக்காரர்களைச் சந்தித்தால் நான் முதலில் கேட்பது உடம்பைப் பற்றி அல்ல. உங்கள் வீட்டு நிலவறையில் எத்தனை காலி ஜாம் பாட்டில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். உடனே எல்லோரும் சிரிப்பீர்கள், ஒருவரும் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டீர்கள். ஜெர்மனியில் இத்தனை வருஷம் குடியிருந்து, வாரா வாரம் தெருமுனையில் காலிப் பாட்டில் எறிகிற தொட்டியைக் கடந்து நடந்து, மூடி நன்றாக மூடுகிற ஒரு பாட்டிலைக்கூட அதில் போட மனம் வராதவர்கள் நாம். என் அம்மா நம் எல்லோருக்கும் தலைவி. அவள் பாட்டில்களால்தான் நான் இந்த நாட்டில் இருக்கிறேன். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கடைசிவரை கேளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு சிறிய பல்கலைக்கழக ஊரில், பயிர் நோய் ஆராய்கிற கூடத்தில் வேலை பார்த்தார். மிளகுக் கொடியின் வேர் ஏன் அழுகுகிறது என்பது அவருடைய கேள்வி. மிளகே விளையாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு மிளகு வேரைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்பது அம்மாவின் கேள்வி. அம்மா தூத்துக்குடிக்காரி. கடற்கரைத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஜெர்மன் ஊரிலோ கடல் இல்லை. வியாழக்கிழமைதோறும் வடக்கிலிருந்து ஒரு மீன் வண்டி வந்து தேவாலயச் சதுக்கத்தில் நிற்கும். தோலும் முள்ளும் தலையும் நீக்கி, வெள்ளைத் தாளில் பொதிந்து கொடுப்பார்கள். அம்மா அதை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு வெகு நேரம் பார்ப்பாள்.

"மூஞ்சியைக் காட்டாத மீனை எப்படி நம்பிக் கொழம்பு வைக்கது?" என்பாள்.

நாங்கள் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. அப்பாவின் ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிகிறது. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்பது பேராசிரியர் கையில் இருந்தது. அப்பா நீட்டிக்க வேண்டும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அம்மா முடிந்துவிட வேண்டும் என்று நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "கிறிஸ்மஸுக்கு அங்கதான் இருப்பேன்" என்று தன் தங்கைக்குக் கடிதமும் போட்டுவிட்டாள். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் நேரெதிராக வேண்டிக்கொண்டிருந்தது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அப்போது எனக்கு என் பேனாவைத் தவிர வேறு உலகம் கிடையாது.

பேனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே படித்த உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் பென்சிலை வாங்கி வைத்துவிட்டு மை ஊற்றும் பேனாவைக் கையில் கொடுப்பார்கள். கொடுத்தால் பெரியவர்களாகிவிட்டோம் என்று அர்த்தம். நல்ல அரச நீல மை. எங்கள் டீச்சர் அந்த மையைப் பற்றி வகுப்பில் பெருமையாகச் சொன்னார்: சட்டையில் கொட்டினாலும் அம்மாக்கள் பயப்பட வேண்டாம், தண்ணீர் பட்டால் போய்விடும். நான் அதைக் கேட்டேன், தலையாட்டினேன், மறந்தேன். அழகுக் கையெழுத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

அந்தக் கோடை விடுமுறையில் பேராசிரியர் அப்பாவைத் தாய்லாந்துக்கு அனுப்பினார். கிழக்குக் கடற்கரையில் சந்தபுரி என்று ஒரு மாகாணம். மலைச்சரிவெல்லாம் மிளகுத் தோட்டம், பழத்தோட்டம். கீழே இறங்கினால் கடல். அங்கே தோட்டம் தோட்டமாகப் போய் மண் எடுத்து வர வேண்டும். அப்பாவோடு வேலை பார்த்த தாய்லாந்துக்காரப் பெண்ணின் அம்மாவுக்கு அங்கே சொந்தத் தோட்டமும் பெரிய வீடும் இருந்தன. குடும்பத்தோடு வந்து தங்குங்கள் என்றார்கள். ஊருக்குப் போவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து அப்பா எங்களுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அங்க நெத்திலி கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"கடலே அங்கதான இருக்கு" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அம்மா நிலவறைக்குப் போய் ஐந்து வருஷமாகச் சேர்த்த பாட்டில்களில் இருபத்திரண்டைப் பொறுக்கி எடுத்தாள். ஒவ்வொன்றையும் என் பழைய காலுறைகளுக்குள் நுழைத்து ஒரு பெட்டி நிறைய அடுக்கினாள். திரும்பும்போது அத்தனையிலும் நெத்திலி ஊறுகாய். அதுதான் திட்டம். தாய்லாந்துக்குக் காலிப் பாட்டில் ஏற்றுமதி செய்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். பாங்காக் சுங்க அதிகாரி ஒரு காலுறையை உருவி, உள்ளே பாட்டிலைப் பார்த்து, பாட்டிலுக்குள் ஒன்றுமில்லாததையும் பார்த்து, அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்பா வேறு யாரோ மாதிரி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தபுரியில் மழை. ஜெர்மன் மழை தும்மல் போடும், இது குடத்தைக் கவிழ்த்தது. எங்களை ஏற்றிப் போக வந்த தோட்டத்தம்மா ஒரு குட்டி லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும், இறுக்கமான கொண்டை, காலில் ரப்பர் பூட்ஸ். அவருக்குத் தமிழ் தெரியாது, ஜெர்மன் தெரியாது. அம்மாவுக்குத் தாய்லாந்து மொழி தெரியாது. முதல் நாள் மாலையே இருவரும் மீன்துறைக்குச் சேர்ந்து போய், சேர்ந்து பேரம் பேசி, சேர்ந்து சண்டை போட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். எந்த மொழியில் என்று நான் கேட்டபோது, "செவுளைத் தூக்கிக் காட்டினா போதாதா?" என்றாள் அம்மா.

மீனுக்கு அங்கே முகம் இருந்தது. தலை, மீசை, கோபம் எல்லாம் இருந்தது. கையளவு இறால், நீலக்கால் நண்டு, சிங்கி, கணவாய். நண்டைத் தட்டிப் போட்டு வதக்கிய அரிசிச் சேமியாவின் வாசனை, மழையில் நனைந்த ரம்புட்டான் தோலின் வாசனை, வெயிலைக் கண்டவுடன் முற்றத்தில் விரிக்கிற பச்சை மிளகின் வாசனை, இந்த மூன்றும் சேர்ந்து என் மூக்கில் ஓர் ஓரத்தில் இன்னும் இருக்கின்றன. ஐந்து வருஷமாகச் சுருங்கியிருந்த அம்மா ஒரு வாரத்தில் இரண்டு சுற்று பெருத்தாள். அவள் பாட்டுப் பாடுவாள் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஆற்றங்கரையில் பெரிய மாதா கோயில் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் வியட்நாமிலிருந்து ஓடி வந்தவர்கள் கட்டியதாம். அம்மா முதல் ஞாயிறே அங்கே மெழுகுவர்த்தி ஏற்றினாள். "தாயே, பேராசிரியருக்கு நல்ல புத்தி குடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லு" என்று வாய்விட்டே வேண்டினாள். அப்பா பக்கத்தில் மண்டியிட்டு உதட்டை மட்டும் அசைத்தார். மாதாவுக்கு அன்றைக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

சரித்திரத்தைக் காட்டுகிறேன் என்று அப்பா எங்களைக் கடலோரச் சிறைச்சாலைக்கும் கூட்டிப் போனார். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் கட்டியது. சிறிய செங்கல் கூண்டு. மேல்தளத்தில் கோழி வளர்த்து, கைதிகளின் தலையில் எச்சம் விழும்படி வைத்திருந்தார்களாம். நான் மேலே பார்த்தபடி வெளியே ஓடி வந்தேன். அப்புறம் அந்த ஊரைப் பிடிக்க வந்த பழைய அரசர் ஒருவரின் கதை. தாக்குவதற்கு முன்னால் வீரர்களைச் சாப்பிடச் சொல்லி, சட்டி பானைகளை எல்லாம் உடைக்கச் சொன்னாராம், அடுத்த சாப்பாடு ஊருக்குள்ளேதான் என்று. அப்பா கண் பளபளக்கச் சொன்னார். அம்மா பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"சட்டியை உடைக்கச் சொன்னாரா? கழுவுனது யாராம்?"

விதி அன்றைக்கே சிரித்திருக்க வேண்டும். மறுநாள் பாங்காக்கிலிருந்து தந்தி வந்தது. மண் எடுப்பதற்காகக் கூடத்திலிருந்து கப்பலில் அனுப்பிய தகர டப்பாக்கள் எங்கேயோ வேறு துறைமுகத்தில் இறங்கிவிட்டன. வர ஒரு மாதம் ஆகும். அப்பா தந்தியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, அம்மாவின் பாட்டில் பெட்டியைப் பார்த்தார்.

"நெனைச்சுக்கூடப் பாக்காதீய" என்றாள் அம்மா.

"இருபத்திரண்டு தோட்டம். உங்கிட்ட இருபத்திரண்டு பாட்டில். கடவுளே எண்ணி வச்ச மாதிரி இருக்குல்லா?"

"கடவுள் நெத்திலிக்கு எண்ணி வச்சாரு, மண்ணுக்கு இல்ல."

ஒரு பொழுது முழுக்க வாதம் நடந்தது. தோட்டத்தம்மா ஒரு வார்த்தையும் புரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, தன் வீட்டிலும் இப்படித்தான் என்பதுபோல் தலையாட்டினார். கடைசியில் அம்மா இறங்கி வந்தாள். ஒரு நிபந்தனை: பெட்டியை அப்பா தொடக் கூடாது. தினம் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரே ஒரு பாட்டிலை அவளே எடுத்துக் கொடுப்பாள். தனக்கு ஆகப் பிடிக்காததை முதலில் கொடுத்தாள். மூடி துருப்பிடித்த கடுகுப் பாட்டில் முதல் நாள் போனது. அப்புறம் விளிம்பு தட்டிப்போன வெள்ளரிக்காய்ப் பாட்டில். இப்படி ஒவ்வொன்றாக, மனசே இல்லாமல். கடைசி வாரத்தில் செர்ரி ஜாம் பாட்டில், ஆப்பிள் கூழ்ப் பாட்டில் என்று அவளுடைய செல்லங்கள் போயின. கடைசி நாள், ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டுக்காரம்மா கொடுத்த தேன் பாட்டில். அதைக் கொடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அதில் செம்மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

அப்பா ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு தாள் ஒட்டிப் பென்சிலால் எண் எழுதியிருந்தார். எந்த எண் எந்தத் தோட்டம், கொடி எப்படி இருந்தது என்பது அவர் நோட்டுப் புத்தகத்தில். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். புறப்படுவதற்கு முந்தின நாள், மழையில் எங்கேயும் போக முடியாமல் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த எண்களைப் பார்க்க உண்மையாகவே வருத்தமாக இருந்தது. பேராசிரியர் பார்ப்பாரே, அப்பாவைப் பற்றி என்ன நினைப்பார்? வாளியில் தண்ணீர் எடுத்து, இருபத்திரண்டு தாளையும் நனைத்து உரித்தேன். புதுத் தாள் ஒட்டினேன். என் பேனாவை எடுத்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஜெர்மன் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி எண்ணுக்குக் கொக்கி போட்டு, நோட்டைப் பார்த்துத் தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதினேன்.

அப்பா பார்த்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். "அச்சடிச்ச மாதிரி இருக்கு! இதப் பாரு, நம்ம பிள்ளை எழுதினத!" அம்மாவும் வந்து பார்த்தாள். தோட்டத்தம்மா எனக்கு ஒரு கூடை மங்குஸ்தான் கொடுத்தார். படித்தவர், அனுபவசாலி, ஆராய்ச்சியாளர், ஒருவருக்கும் இது என்ன மை என்று கேட்கத் தோன்றவில்லை.

மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள். மறுநாள் அது திறந்த லாரியில், கொட்டுகிற மழையில், ஒரு கிழிந்த தார்ப்பாயின் கீழே பாங்காக்குக்குப் போயிற்று.

செப்டம்பர் கடைசியில் பெட்டி வந்து சேர்ந்தது. அப்பா அன்றைக்குப் புது டை கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். டையின் நுனி தேநீரில் கிடந்தது, அவர் கவனிக்கவில்லை.

"எல்லாம் போச்சு. ஒரு தாள்லயும் ஒண்ணுமில்ல. நீலமா ஒரு கறை, அவ்வளவுதான். எது எந்தத் தோட்டம்னு தெரியாத மண்ணு வெறும் மண்ணு. நாளைக்குப் பேராசிரியர் லீவு முடிஞ்சு வாராரு."

என்னைத் திட்டவில்லை. தூக்கிச் சுற்றியவர் எப்படித் திட்டுவார்? நான் மேசைக்கடியில் போய் உட்கார்ந்து அழுதேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் அசைந்தது. அவளும் அழுகிறாள் என்றே வெகு காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அன்றைக்கு வியாழக்கிழமை. அம்மா மீன் பொரித்திருந்தாள். முன்பு இல்லாத உற்சாகத்தோடு அப்பாவின் தட்டில் மூன்று துண்டு வைத்தாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தொடாமல் எழுந்து போனார். மேசைக்கடியிலிருந்து எனக்கு அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தத் தட்டின் முன்னால் அவை வெகு நேரம் நகரவில்லை.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கோட்டுப் போட்டுக் குடையோடு வாசலில் நின்றாள். "வா, அப்பா வேலை பாக்குற எடத்துக்குப் போவோம்."

அதுவரை அவள் அந்தக் கூடத்துக்குள் காலே வைத்ததில்லை. வாசலில் ஒரு வெள்ளை அங்கியை மாட்டிவிட்டார்கள். அது அவளுக்குக் கணுக்கால்வரை இருந்தது. நீண்ட மேசையில் இருபத்திரண்டு பாட்டில்களும் கைதிகள் மாதிரி வரிசையாக நின்றன. அப்பா கையைத் தலையில் வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா கடுகுப் பாட்டிலைத் தூக்கினாள்.

"இது மொதல் நாளு. அன்னைக்கு இறால் கொழம்பு குடுத்து விட்டேன்."

"ஏட்டி, சும்மா இரு. உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கொழம்பை எங்க கொட்டுனீயன்னு உங்க நோட்டைத் தொறந்து பாருங்க."

அப்பா நோட்டைத் திறந்தார். முதல் தோட்டத்தின் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கறை.

"ரெண்டாவது இது, வெள்ளரிக்காய். கணவாய் வறுவல். காரம்னு மூஞ்சைத் தூக்கிட்டு வந்தீய. மூணாவது இந்தக் குட்டைக் கழுத்து. அன்னைக்குத் தோட்டத்தம்மா குடுத்த நண்டு." அப்பாவின் பேனா ஓடத் தொடங்கியது. பக்கத்து மேசை ஜெர்மன்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பிடிக்காததிலிருந்து பிடித்ததுவரை, மீன் பெயர் சொல்லி, அம்மா தன் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் தள்ளி வைத்தாள். ஐந்து வருஷமாக இந்தச் சேமிப்பைக் 'கண்ணாடிக் கண்காட்சி' என்று கேலி செய்த அப்பா மாணவன் மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்.

கடைசி வாரத்துப் பாட்டில்களுக்கு வந்தபோது மட்டும் அவள் கொஞ்சம் நின்றாள். ஒரு கையில் செர்ரி, ஒரு கையில் ஆப்பிள், புளி நிறுக்கிற மாதிரி. பிறகு, "இது சீனத் தாத்தா தோட்டம், இது அந்தப் பள்ளத்துத் தோட்டம்" என்று இரண்டையும் வைத்துவிட்டு மேலே போனாள். சீனத் தாத்தா தோட்டத்தில் கொடிகள் தளதளவென்று இருந்தன, பள்ளத்தில் எல்லாம் பட்டுப்போயிருந்தன என்பது அப்பாவோடு போய்ப் பார்த்திருந்த எனக்குக்கூட ஞாபகம் இருந்தது. இரண்டிலும் ஒரே மாதிரிச் செம்மண். தேன் பாட்டிலை முடித்தபோது அப்பா எழுந்து எல்லோர் முன்னாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெர்மன்காரர்கள் கை தட்டினார்கள்.

நவம்பரில் முடிவு வந்தது. இருபது தோட்டம் அப்பா சொன்ன கணக்குப்படியே இருந்தது. நோய் மண்ணில் நோய்க் கொடி, நல்ல மண்ணில் நல்ல கொடி. ஆனால் செழித்திருந்த சீனத் தாத்தாவின் மண்ணில் அழுகல் கிருமி நிரம்பி வழிந்தது. பட்டுப்போன பள்ளத்து மண் பரிசுத்தமாக இருந்தது. பேராசிரியர் துள்ளினாராம். நோயின் நடுவிலே சாகாமல் நிற்கிற கொடி! இதைக் கண்டுபிடிக்காமல் விடலாமா? ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டினார். அப்புறம் இன்னும் மூன்று. அப்பா அந்தச் சாகாத கொடியைத் தேடி அலைந்தார், அது அகப்படவேயில்லை. ஆனால் 'சந்தபுரிப் புதிர்' என்று ஒரு கட்டுரை எழுதிப் பெயர் வாங்கினார், நிரந்தர வேலை வாங்கினார், ஓய்வு பெறும் நாளில் மேடையில் பூங்கொத்து வாங்கினார். அம்மா அந்தக் கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகவில்லை. தங்கைக்கு வேறொரு கடிதம் எழுதினாள். பாட்டில்களை மட்டும் கூடத்திலிருந்து திரும்பக் கேட்டு வாங்கி, மூன்று முறை கொதிநீரில் கழுவி, நிலவறையில் அடுக்கினாள். ஏனோ அதற்குப் பிறகு அவற்றில் எதையும் போட்டு வைத்ததில்லை.

அப்பா காலமாகிப் பல வருஷமாகிறது. போன வசந்தத்தில்தான் அம்மாவை டோர்ட்மண்டுக்கு என் வீட்டோடு கூட்டி வந்தேன். அவள் பழைய வீட்டின் நிலவறையை ஒழிக்க என் யாழ்ப்பாணத் தோழி உதவிக்கு வந்திருந்தாள். அலமாரியைத் திறந்ததும் தோழி மலைத்துப் போனாள்.

"அக்கா, இவ்வளவு போத்திலையும் வச்சு என்ன செய்யப் போறியள்? எறியுங்கோ."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "எல்லாத்தையும் எறிங்க. அந்தச் செர்ரியையும் ஆப்பிளையும் மட்டும் விட்டுருங்க."

"ஏம்மா அந்த ரெண்டு?"

தொண்ணூறை நெருங்குகிறவளுக்கு இனி யாரிடம் பயம்? "அதைத்தான் மாத்திச் சொன்னேன்" என்றாள்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"வேணும்னேவா?"

"வேற எப்படி? கணக்கு இடிக்கும், இந்த ஆளு எடுத்த மண்ணு சரியில்ல, ஊருக்குப் போகச் சொல்லுங்கன்னு அந்தப் பேராசிரியர் சொல்லுவாருன்னு நெனச்சேன். அந்த மனுஷன் துள்ளிக் குதிப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப மீதி இருபதையும் ஏன் சரியாச் சொன்னே?"

"உங்க அப்பா மீனைத் தொடாம எந்திரிச்சுட்டாருல்லா" என்றாள், அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பதுபோல.

"ஐயோ அன்ரி" என்றாள் என் தோழி. "ரெண்டு போத்திலாலயோ நீங்கள் அம்பது வரியமா இஞ்ச இருக்கிறியள்?"

"ஆமாம்மா. போறதுக்கு ஒரு வழி பண்ணுனேன், அதுவே வேலியாப் போச்சு."

அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். மேடையில் பூங்கொத்தோடு நிற்கிற ஆளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவள் தோள் அசைந்ததைப் பார்த்தேன், அடுப்பு முன்னால் அன்றைக்கு அசைந்த அதே மாதிரி. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அந்தத் தண்ணீரில் எவ்வளவு சிரிப்பால் வந்தது, எவ்வளவு அவளுக்காக வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போக ஆசைப்பட்ட ஒருத்தியை, நீல மையும் இரக்கமும் ஒரு சின்னப் பொய்யும் சேர்ந்து இங்கேயே நிறுத்திவிட்டன.

அடுத்த சனிக்கிழமை டோர்ட்மண்ட் தமிழ்க் கடையில் நெத்திலி வாங்கினோம், தலையோடு. அம்மா உட்கார்ந்தபடியே பக்குவம் சொல்ல, நான் ஊறுகாய் போட்டேன். செர்ரிப் பாட்டிலிலும் ஆப்பிள் பாட்டிலிலும் நிரப்பி மூடியை இறுக்கினேன். ஐம்பது வருஷம் தாமதமாக, அவை எதற்காகக் கடல் தாண்டிப் போயினவோ அந்த வேலையைச் செய்தன. தேதி எழுதி ஒட்டலாம் என்று ஒரு தாளை வெட்டி, மேசையில் கிடந்த பேனாவை எடுத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பென்சில்ல எழுது."